வினையா, தலையெழுத்தா? – செம்பனை ஆராய்ச்சியும் அதன் பெயரும்

பெயர் என்பது பொருளைச் சுட்டும் விரல். விரல் நேராக நீண்டால் காண்பவர் கண் பொருளிடம் செல்லும். கோணினால் கண் வேறிடம் செல்லும். நாள்தோறும் புதுப்பெயர்கள் பிறக்கும் அறிவியல் துறையில், அப்பெயர்கள் தமிழ் வாசகரிடம் வந்து சேரும்போது எத்தகைய பொருளைச் சுமந்து வருகின்றன என்று நிறுத்துப் பார்ப்பது தமிழறிந்தோர் கடமையாகும். அவ்வாறு நிறுத்துப் பார்க்கவேண்டிய பெயர் ஒன்று, சிலாங்கூர் மாநிலத்தில் நடந்த ஆராய்ச்சியோடு சேர்ந்து உலகெங்கும் பேசப்பட்டது. செம்பனை மரத்தின் உயிரணுவுக்குள் உறையும் ஒரு துணுக்குக்குக் ‘கர்மா’ என்று பெயர். அதன் ஒரு நிலையை ‘நல்ல கர்மா’ என்றும், மற்றொரு நிலையைத் ‘தீய கர்மா’ என்றும் ஆராய்ச்சியாளர் குறித்தனர். தமிழர் காதில் இவை நல்வினை, தீவினை என்றே ஒலிக்கும்.

இந்த ஆராய்ச்சி 2015ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழில் வெளிவந்தது. பாங்கியில் உள்ள மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் மெய்லினா ஓங்-அப்துல்லா, ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி, ராஜிந்தர் சிங் முதலியோரும், அமெரிக்காவில் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடத்தின் ராபர்ட் மார்ட்டின்சென் முதலியோரும் கூடிச் செய்த பணி அது. செம்பனையின் மரபெழுத்தை, ஏறத்தாழ 180 கோடி எழுத்துகள் கொண்ட அப்பெருஞ்சுவடியை, 2013இல் படித்து வெளியிட்டதிலும் இவர்களுக்குப் பங்கு உண்டு. ஆராய்ச்சியின் சிறப்பில் ஐயமில்லை. ஐயம் எல்லாம் அதன் பெயரைப் பற்றியதே. அந்தப் பெயர் செம்பனையோடு நின்றுவிடாமல் மனிதர் நோயைப் பற்றிய பேச்சுக்குள்ளும் நுழைந்துவிடும் என்பதால் இந்த ஐயம் சிறிதன்று.

தோட்டம் கண்ட குறை

மலாயாவில் வாணிக நோக்கோடு செம்பனை முதன்முதலாக நடப்பட்டது 1917இல். இடம், கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டம்; நட்டவர், ஆன்றி ஃபொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். அந்நாள் முதல் தோட்டத்து மக்கள் கண்டறிந்த உண்மை ஒன்று உண்டு. ஒரே வரிசையில் நின்று ஒரே உரத்தை உண்ணும் இரு மரங்களுள் ஒன்று குலை குலையாகத் தள்ளும். மற்றொன்று பேருக்குக் காய்க்கும். விதையிலிருந்து வரும் கன்று தாய் மரத்தின் குணத்தையும் தந்தை மரத்தின் குணத்தையும் கலந்து பெறுவதால், சிறந்த மரத்தை விதையினால் அப்படியே திரும்பப் பெறுதல் இயலாது. பால்மரத்தில் ஒட்டுக்கட்டி இந்தத் தடையைக் கடந்தனர். செம்பனைக்கோ கிளை இல்லை. ஒட்டுக்கட்ட மொட்டும் கிடைக்காது. எனவே 1970களில் திசுவளர்ப்பு முறையைக் கையாளத் தொடங்கினர். சிறந்த மரத்தின் இளங்குருத்திலிருந்து சிறு துண்டுகளை எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் ஊட்டம் தந்து வளர்த்தால், அத்துண்டுகள் கரணைகளாகிக் கருக்களாகிக் கன்றுகளாகும். அவை யாவும் தாய் மரத்தின் படிகள்.

படி எடுத்தவர் மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. 1980களில் அக்கன்றுகள் காய்க்கத் தொடங்கியபோது சில மரங்களில் விந்தையான காய்கள் தோன்றின. காயைச் சுற்றிச் சதைப்பற்றுள்ள மடல்கள் போர்வைபோல் முளைத்திருந்தன. பூவில் மகரந்தத் தாள்களாக வேண்டிய உறுப்புகள் சூலிலைகளாக மாறியதால் வந்த கோளாறு அது. போர்வை என்னும் பொருளுடைய சொல்லால் ஆங்கிலத்தில் அதனை அழைத்தனர். தமிழில் ‘போர்வைக்காய்’ எனலாம். இத்தகைய காய்கள் பல விதையின்றிப் போயின. குறை மிகுந்த மரங்களில் குலையே முதிராமல் கெட்டது. நட்ட கன்று காய்க்க ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை குறை வெளியே தெரியாது. 25 ஆண்டுகள் பலன் தரவேண்டிய மரம் பாழ் என்பது இடமும் உரமும் உழைப்பும் செலவான பின்னரே புலனாகும். ஆகவே சிறந்த மரங்களைப் படியெடுக்கும் முயற்சி பெரிதும் தேங்கிவிட்டது.

புதிர் யாதெனில், அம்மரங்கள் ஒரே தாயின் படிகள். அவற்றின் மரபெழுத்து ஒன்றே. அவ்வாறிருக்கச் சில நலமாகவும் சில நலிந்தும் நின்றது ஏன்? மேலும், போர்வைக்காய் காய்த்த மரங்களுள் சில, ஆண்டுகள் சென்றபின் யாரும் மருந்திடாமலே நற்காய் காய்க்கத் திரும்பின. எழுத்தே சிதைந்திருந்தால் இத்தகைய திருத்தம் நிகழ்வது அரிது. எனவே குறை எழுத்தில் இல்லை, எழுத்தின்மேல் இட்ட ஏதோ ஒன்றில் இருக்கிறது என்று ஆராய்ச்சியாளர் பலரும் கருதினர். எனினும் அது எந்த இடத்தில் என்பது 30 ஆண்டுக்காலம் பிடிபடவில்லை.

எழுத்தும் குறியும்

எழுத்தின்மேல் இட்டது என்பதை விளங்கிக்கொள்ள ஓலைச்சுவடியை நினைவுகூர்தல் தகும். பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குரிய புள்ளியைப் பெரும்பாலும் இடாமலே எழுதினர். எகரத்தையும் ஒகரத்தையும் குறிலா நெடிலா என்று பிரித்துக் காட்டிய புள்ளியும் அவ்வாறே விடுபட்டது. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் அவ்வெழுத்துகளின் வடிவத்தைத் திருத்தியது அந்த மயக்கத்தை நீக்குவதற்கே. எழுத்து ஒன்றே, புள்ளி இருந்தால் ஓர் ஓசை, இல்லாவிடில் வேறோர் ஓசை. உயிரணுவின் ஏட்டிலும் இதனை ஒத்த ஏற்பாடு ஒன்று இருக்கிறது. டி.என்.ஏ. என்னும் நீள்இழையில் நான்கே எழுத்துகள் மாறி மாறி வருகின்றன. அவற்றுள் சைட்டோசின் என்னும் எழுத்தின்மேல் மெத்தில் என்னும் சிறு வேதிக்கூறு வந்து ஒட்டிக்கொள்ளும். எழுத்து மாறாது, ஆனால் அதனைப் படிக்கும் முறை மாறும்.

ஏட்டைக் கட்டிவைக்கும் முறையும் உண்டு. மனித உயிரணு ஒன்றில் உள்ள டி.என்.ஏ. இழையை நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத உட்கருவுக்குள் அஃது அடங்குவதற்குக் காரணம், ஹிஸ்டோன் என்னும் புரதங்கள் எட்டுச் சேர்ந்த உருளைகளில் அது சுற்றப்பட்டிருப்பதே. ஓர் உருளையில் ஏறத்தாழ 147 எழுத்திணைகள் சுற்றிக்கொள்கின்றன. இழையும் உருளைகளும் சேர்ந்த இந்தச் சுருணையே குரோமட்டின். சாயம் ஏற்றியபோது நன்கு நிறம் பிடித்தது கண்டு, நிறம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லால் 19ஆம் நூற்றாண்டில் வால்ட்டர் ஃபிளெம்மிங் இப்பெயரை இட்டார். இறுகக் கட்டிய சுவடியில் எழுத்து பத்திரமாக இருக்கும், படிக்க இயலாது. தளர்த்திய சுவடியே படிக்கப்படும். கல்லீரல் உயிரணுவும் கண்ணின் உயிரணுவும் ஒரே சுவடியை வைத்துக்கொண்டு வேறு வேறு தொழில் செய்வதற்கு இந்தக் கட்டும் தளர்வும் துணைநிற்கின்றன.

ஆராய்ச்சி கண்டது

செம்பனையின் சுவடியில் டெஃபிசியன்ஸ் என்னும் மரபணு ஒன்று உண்டு. பூவில் மகரந்தத் தாள் உருவாவதற்கு அதன் ஏவல் வேண்டும். அந்த மரபணுவின் நடுவே, பொருள் தராத இடைப்பகுதி ஒன்றில், ‘கர்மா’ குடியிருக்கிறது. இது தன்னைத்தானே படியெடுத்துக்கொண்டு வேறிடம் சென்று புகும் இயல்புடைய பழந்துணுக்குகளின் இனத்தைச் சேர்ந்தது. இடம்பெயரும் மரபுத்துணுக்குகளை மக்காச்சோளத்தில் முதலில் கண்டு 1983இல் நோபெல் பரிசு பெற்ற பார்பரா மெக்ளின்டாக் பணிபுரிந்த இடமும் கோல்டு ஸ்பிரிங் ஹார்பரே. இத்தகைய துணுக்குகள் துள்ளாதிருக்கும்படி தாவரங்கள் அவற்றின்மேல் மெத்தில் குறிகளை அடர்த்தியாக இட்டு அடக்கிவைக்கின்றன.

நலமான மரத்திலும் கர்மா இருக்கிறது. நலிந்த மரத்திலும் அதே இடத்தில் இருக்கிறது. வேறுபாடு குறியில்தான். நலமான மரத்தில் குறிகள் அடர்ந்திருக்கின்றன; நலிந்த மரத்தில் அவை உதிர்ந்திருக்கின்றன. குறி உதிர்ந்தால் நேர்வது என்ன? மரபணுவின் செய்தியை உயிரணு படியெடுத்து, இடைப்பகுதிகளை நீக்கி, பொருளுள்ள பகுதிகளை ஒட்டுகிறது. இது தமிழாசிரியருக்குப் பழக்கமான பதம் பிரித்தலை ஒத்த வேலை. ‘பலகைவேலை’ என்று இடைவெளியின்றி எழுதிய தொடரைப் ‘பலகை வேலை’ என்று பிரித்தால் தச்சர் தொழில். ‘பல கைவேலை’ என்று பிரித்தால் பொருள் வேறு. கர்மாவின் மேலுள்ள குறிகள் இருக்கும்வரை, உயிரணு அந்த இடத்தைக் கடந்துபோய்ச் சரியாக ஒட்டுகிறது. குறிகள் உதிர்ந்தால் கர்மாவிடத்திலே தவறாகப் பிரித்து ஒட்டுகிறது. செய்தி பாதியிலே முடிந்துவிடுகிறது. மகரந்தத் தாளாக வேண்டியது சூலிலையாகிறது. காய் போர்வை போர்த்துக்கொள்கிறது.

இந்த முடிவு ஊகத்தால் வந்ததன்று. நலமான படிகளையும் நலிந்த படிகளையும் பல தோட்டங்களிலிருந்து திரட்டி, சுவடி முழுவதிலும் குறிகள் எங்கெங்கே வேறுபடுகின்றன என்று ஒப்புநோக்கி அந்த ஓரிடத்தை வந்தடைந்தனர். தாமே திருந்திய மரங்களை ஆராய்ந்தபோது, அங்கே குறிகள் மீண்டும் வந்திருந்தன. மரம் திருந்தியதும் குறி திரும்பியதும் ஒன்றுசேரக் கண்டமை இந்த ஆராய்ச்சிக்கு வலிமையான சான்று. இதனால் விளைந்த நன்மையும் கண்கூடு: கன்று நிலையிலேயே இலையை ஆராய்ந்து, கெடும் கன்று எது என்று முன்னதாகவே விலக்கிவிட வழி பிறந்தது.

பெயரில் உள்ள குறை

கர்மா என்னும் பெயரைச் செம்பனை ஆராய்ச்சியாளர் புதிதாகப் படைக்கவில்லை. இதனை ஒத்த துணுக்கை நெல்லில் கண்ட ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 2003இல் எழுதிய கட்டுரையிலேயே அப்பெயர் இருக்கிறது. உறவுடைய துணுக்குக்கு அதே பெயரை வழங்குவது அறிவியல் மரபு. அதற்கு நல்லது, தீயது என்னும் அடைகளைச் சேர்த்தது படிப்போர் மனத்தில் பதியும் என்பதற்காக இருக்கலாம். பெயரிட்டவர் எவரும் சமயக் கொள்கையை மெய்ப்பிக்க முற்படவில்லை. இவ்வளவும் அவர்கள் சார்பில் சொல்லவேண்டியவை.

ஆனால் கடன் வாங்கிய சொல், தான் பிறந்த வீட்டின் கணக்கையும் கூடவே கொண்டுவருகிறது. வினைக் கொள்கையின் அடிப்படை, செய்தவனே பயனை நுகர்வான் என்பது. அந்த அளவுகோலால் செம்பனையை அளந்தால் பெயர் முற்றிலும் தலைகீழாக நிற்பது தெரியும். செம்பனை எந்த வினையும் செய்யவில்லை. அதன் குருத்தை வெட்டியது மனிதர் கை. குடுவையில் இட்டு வளர்த்ததும் மனிதர் கை. அந்த வளர்ப்பில்தான் குறிகள் உதிர்ந்தன. செய்தவர் ஒருவர், பயனை நுகர்வது மற்றொன்று. இலக்கணத்தால் சொல்லவேண்டுமாயின், இது செய்வினை அன்று, செயப்பாட்டுவினை. ‘மரம் கெட்டது’ என்னும் தொடர், ‘மரம் கெடுக்கப்பட்டது’ என்று இருக்கவேண்டியது. ‘யாரால்’ என்னும் கேள்வியைச் செயப்பாட்டுவினை எழுப்பும். ‘தீய கர்மா’ என்னும் பெயர் அதனை அடக்கிவிடும்.

இரண்டாவது குறையும் உண்டு. கர்மா என்றவுடன் மாற்றமுடியாத தலையெழுத்து என்று பொதுமக்கள் எண்ணுவர். செம்பனையின் குறியோ மீளக்கூடியது, மீண்டும் இருக்கிறது. தலையெழுத்து எழுத்தைச் சேர்ந்தது. இது புள்ளியைச் சேர்ந்தது. ஊழ் வேறு, முயற்சி வேறு என்று பிரித்து எண்ணும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. திருக்குறளில் ஊழ் 38ஆம் அதிகாரம். ஆள்வினையுடைமை 62ஆம் அதிகாரம். இரண்டும் ஒரே நூலில் இருக்கின்றன. முயற்சியையும் ‘வினை’ என்ற சொல்லாலேயே தமிழ் குறிக்கிறது என்பதைக் கர்மாவைத் தலையெழுத்தாகக் கொள்வார் கருதிப் பார்ப்பது நலம்.

மனிதர் நோயில்

இது மரத்தின் கதை. மனிதர் நோய்க்கு இதனால் ஆவது என்ன என்று வாசகர் வினவலாம். மனிதர் நோயிலும் குறிகளுக்குப் பங்கு உண்டு என்பது நிலைநாட்டப்பட்டதே. ஆனால் அங்கே கதை இவ்வளவு எளிதன்று. அதற்கு எடுத்துக்காட்டு, பெயரில் தமிழ் ஒலிக்கும் மற்றோர் ஆராய்ச்சியாளரான அருள் சின்னையனின் பணி. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அவருடைய குழுவினர் 2002இல் ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோயை ஆராய்ந்தனர். உடலில் பரவிய புற்றில் ஈ.இசட்.எச்.2 என்னும் நொதி மிகுந்திருப்பதைக் கண்டனர். ஹிஸ்டோன் உருளையின் வாலில் மெத்தில் குறியிட்டு மரபணுக்களை அடக்குவது அந்த நொதியின் தொழில். பரவாத நிலையிலும் அந்நொதி மிகுந்திருந்தோர்க்கு நோய் பின்னர் முற்றும் வாய்ப்பு அதிகமாக இருந்தது.

இங்கேயே நிறுத்திக்கொண்டால், குறியே புற்றுநோய்க்குக் காரணம் என்று முடிவுகட்டத் தோன்றும். அக்குழுவின் பின்னைய ஆராய்ச்சிகள் அதற்கு இடந்தரவில்லை. இரு மரபணுக்கள் முறிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது புராஸ்டேட் புற்றில் பரவலாக நிகழ்கிறது என்று 2005இல் அவர்களே காட்டினர். அது குறியில் அன்று, எழுத்திலேயே நேரும் பிழை. ஈ.இசட்.எச்.2 மிகுவதற்கு ஒரு காரணம், அதனை அடக்கிவைக்கும் சிற்றார்.என்.ஏ. ஒன்றின் எழுத்துப்பகுதி புற்றணுக்களில் தொலைந்துபோவது என்பதை 2008இல் கண்டனர். எழுத்து தொலைந்ததால் குறி பெருகியது. 2012இல் வேறொரு குழுவினர், முற்றிய புற்றில் அதே நொதி குறியிடும் தொழிலை விட்டு மரபணுக்களைத் தூண்டும் தொழிலையும் செய்கிறது என்று காட்டினர். அடக்கும் கையே எழுப்பும் கையும் ஆனது. இடம் நோக்கிச் சொல் பொருள் மாறுவதுபோல, இடம் நோக்கி நொதியும் தொழில் மாறுகிறது.

எனவே எழுத்தை ஒரு கட்சியாகவும் குறியை எதிர்க்கட்சியாகவும் நிறுத்தி வாதாடுவது பொருந்தாது. மூலமும் உரையும் சேர்ந்தே நூல் படிக்கப்படுகிறது. ஒன்று மட்டும் உறுதி: குறி மருந்துக்கு வசப்படக்கூடியது. மெத்தில் குறியைக் குறைக்கும் அசாசைட்டிடின் என்னும் மருந்து, எலும்பு மச்சையில் குருதி உருவாகும் தொழில் கெடும் நோய் வகை ஒன்றுக்கு 2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. செம்பனையில் குறி குறைந்ததால் கேடு. இந்நோயில் குறியைக் குறைப்பதே மருந்து. குறி நல்லதா தீயதா என்பதை அது நிற்கும் இடமே சொல்லும். நன்மை, தீமை என்னும் அடைகளைக் குறியின்மேலே ஒட்டிவைத்தல் எத்துணைப் பொருந்தாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

‘பரம்பரை’ என்னும் சொல்

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் தமிழர் குடும்பங்களில் நோயைப் பற்றிய பேச்சு எழுந்தால் தவறாமல் வரும் சொற்கள் இரண்டு: ஒன்று ‘தலையெழுத்து’, மற்றொன்று ‘பரம்பரை’. தாத்தாவுக்கு இனிப்புநீர், தந்தைக்கு இனிப்புநீர், ஆகவே மகனுக்கும் வரும் என்று தீர்ப்புக் கூறிவிட்டுச் சோற்றுத் தட்டை நிரப்புவோர் பலர். பிணி சிறிதன்று. 2019இல் மலேசியச் சுகாதார அமைச்சு நடத்திய நாடு தழுவிய நலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோருள் நூற்றுக்கு 18.3 பேருக்கு இந்நோய் இருந்தது. இந்தியரிடையே அந்த விழுக்காடு 31.4. இந்தத் தொகை குறி, எழுத்து, உணவு, உழைப்பு, உடற்பருமன் ஆகிய எல்லாவற்றின் கூட்டு. ‘பரம்பரை’ என்னும் ஒரு சொல் அக்கூட்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டி ஏனையவற்றை மூடிவிடுகிறது. பரம்பரையாக வருவது எழுத்து மட்டுமன்று. சமையலும் வருகிறது, வருமானமும் வருகிறது, வாழும் இடமும் வருகிறது.

இப்போது இவற்றோடு ‘மேல்மரபியல்’ என்னும் சொல்லும் வந்து சேர்ந்திருக்கிறது. கான்ராட் வாடிங்டன் 1942இல் ஆங்கிலத்தில் ஆக்கிய சொல்லுக்குத் தமிழில் வழங்கும் பெயர் இது. ‘மேல்’ என்பதற்கு மீது என்றும் பொருள் உண்டு. உயர்ந்தது என்றும் பொருள் உண்டு. மேசைமேல் என்பது ஒன்று. மேலோர் என்பது மற்றொன்று. இங்கே முன்னதே பொருள்: எழுத்தின் மீது இட்ட குறிகளைப் பற்றிய இயல். மரபியலுக்கு மேலான இயல் என்று அதனைக் கொள்வோர் இருவகைப் பிழைக்கு ஆளாகின்றனர்.

முதல்வகையார், முன்னோர் பட்ட துன்பமெல்லாம் பேரன் பேத்தியர் உடலில் குறிகளாக எழுதப்பட்டுவிட்டது என்பர். இதற்கு அவர்கள் காட்டும் சான்று ஆலந்து நாட்டின் பசிக்காலம். 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் முற்றுகையால் அந்நாட்டின் மேற்குப் பகுதி உணவின்றி வாடியது. அப்பசிக்காலத்தில் கருவானோரை ஏறத்தாழ 60 ஆண்டுகள் கழித்து ஆராய்ந்து, உடன்பிறந்தோரைவிட ஒரு மரபணுவில் மெத்தில் குறி குறைந்திருப்பதை 2008இல் வெளியிட்டனர். அரிய ஆராய்ச்சி அது. ஆனால் அங்கே கண்ட வேறுபாடு நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்தே பங்கு. ஆராயப்பட்டோர் பசியைத் தாயின் வயிற்றில் தாமே பட்டவர், பேரப்பிள்ளைகள் அல்லர். மலாயாத் தமிழர் ஜப்பானியர் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்று உயிர் தாங்கியதும், சயாம் மரண ரயில் பாதையில் மாண்டதும் மறக்கத்தகாத வரலாறு. அந்த வரலாறு இன்றைய பிள்ளையின் குருதியில் நோயாக எழுதப்பட்டிருக்கிறது என்று மேடையில் முழங்குவது மேற்சொன்ன சான்றுகளுக்கு அப்பாற்பட்டது. அது பழைய தலையெழுத்துக்குப் புதிய சட்டை மாட்டுவதே ஆகும்.

இரண்டாம்வகையார், குறி மாறக்கூடியது என்பதனால், இன்ன கீரையை உண்டால், இன்ன பயிற்சியைச் செய்தால் மரபணுவையே மாற்றலாம் என்று விற்பனை செய்வோர். செம்பனையை மீண்டும் நோக்குக. குறி திரும்பிய மரங்கள் சிலவே. அவையும் தாமே திரும்பின. எந்த உரத்தாலும் அல்ல. மாறக்கூடியது என்பது வேறு. விரும்பியவாறு மாற்றிக்கொள்ளலாம் என்பது வேறு. நல்ல உணவும் நடையும் இனிப்புநீர் நோயைத் தள்ளிப்போடும் என்பது மருத்துவர் கூறும் மெய்யுரை. அந்த உரைக்கு மேல்மரபியலின் பெயரால் விலை வைப்பது பொய்யுரை.

எழுவாயைத் தேடுதல்

இவ்விரு வகையாரும் தம்மை அறியாமலே ஒரே பிழையைச் செய்கின்றனர். ஒருவர் பழியை முன்னோர்மேல் போடுகிறார். மற்றவர் நோயாளியின்மேல் போடுகிறார். குடுவையில் இட்டவர் யார், முற்றுகை இட்டவர் யார், மலிவாகக் கிடைப்பது சர்க்கரையும் மைதாவும் என்று ஆகிவிட்டது எவ்வாறு என்னும் கேள்விகள் எழாமலே போகின்றன. ‘தீய கர்மா’ என்னும் பெயரின் உண்மையான தீங்கு இதுவே.

தமிழாசிரியர்க்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. அறிவியல் பாடத்தைக் கற்பிப்பவர் வேறொருவராக இருக்கலாம். ஆனால் மரபு, பரம்பரை, வினை, விதி என்னும் சொற்களுக்குப் பொருள் சொல்பவர் தமிழாசிரியரே. பள்ளிக்கூடத்தில் இச்சொற்கள் நோயோடு நிற்பதுமில்லை. கணக்கில் பின்தங்கிய பிள்ளையைப் பார்த்து ‘விதை அப்படி’ என்று கூறும் வாய்கள் தோட்டப்புறத்திலும் இருந்தன, நகரத்திலும் இருக்கின்றன. செம்பனையிலோ, விதையின் கலப்பே இல்லாமல், ஓர் எழுத்தும் மாறாமல், வளர்த்த முறையினாலேயே மரம் கெட்டது. பிள்ளைகள் செம்பனைகள் அல்லர். மரத்தின் குறியை மாணவன்மேல் ஏற்றிச் சொல்வதும் மற்றொரு மிகையே ஆகும். ஆயினும் பிறப்பைக் குறைகூறுமுன் வளர்ப்பை ஆராயவேண்டும் என்னும் அளவுக்கேனும் இந்த மரம் ஆசிரியர்க்குப் பாடம் சொல்லும்.

ஆகவே, கர்மா என்னும் அத்துணுக்கின் பெயரைத் தமிழில் எழுதும்போது ஒலிபெயர்த்தே எழுதுதல் நன்று. நல்வினை, தீவினை என்று மொழிபெயர்த்தல் தகாது. ‘நல்ல கர்மா’ என்பதைக் ‘குறி அடர்ந்த நிலை’ என்றும், ‘தீய கர்மா’ என்பதைக் ‘குறி உதிர்ந்த நிலை’ என்றும் எழுதினால், பொருளும் விளங்கும், பழியும் நேராது. ‘மேல்மரபியல்’ என்னும் சொல்லை வழங்கலாம். வழங்கும்போதெல்லாம் மேல் என்பதற்கு மீது என்பதே பொருள் என்று ஒருமுறை சொல்லிவிடவேண்டும். வகுப்பில் இதற்கு ஒரு பயிற்சியும் அமைக்கலாம். ‘மரம் கெட்டது’, ‘நோய் வந்தது’, ‘குடும்பம் நலிந்தது’ என்னும் தொடர்களைக் கரும்பலகையில் எழுதி, அவற்றைச் செயப்பாட்டுவினையாக்குமாறு மாணவரிடம் கூறுக. யாரால், எதனால் என்று அவர்கள் கேட்பர். அந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தெரியாவிட்டாலும், கேட்கத் தெரிந்த பிள்ளை தலையெழுத்து என்று சொல்லி ஓய்ந்துவிடாது.